ராகுகாலத்துப் பாண்டிச்செல்வி

வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஆனதும் சாத்தூர் கூரியர் கடையில் கூட்டம் கலைகிறது. பட்டாசு வியாபாரிகள் பன்னிரண்டுக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்கு நகர்கிறார்கள். அவர்கள் இறங்கும் படியில் பாண்டிச்செல்வி ஏறுகிறாள். தலையில் ஓர் அட்டைப்பெட்டி, இடுப்பில் இன்னொன்று.

"வாங்க தாயி. ராகுகாலம் பாக்க எனக்குக் கடிகாரம் வேண்டியதில்ல, ஒங்களப் பாத்தாப் போதும்" என்கிறார் கடைக்காரர் செய்யது அபுதாஹிர்.

"வரிசையில நிக்க எனக்கு ஏது பாய் நேரம்? தினம் ஒண்ணரை மணி நேரம் ஊரே எனக்கு வழி விட்டு நிக்குது. ராகுவுக்கு ஒரு சால்வை போத்தணும்."

செவ்வாய் மூன்று மணி, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஊர் எந்த நேரத்தைக் கண்டு ஒதுங்குகிறதோ அந்த நேரத்தில் அவள் ஊரான அச்சங்குளத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. நல்ல நேரத்தின் மேல் அவளுக்கு வேறொரு கோபமும் உண்டு. பதினேழு வருஷம் அவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினொரு பேரை உட்கார்த்திய கம்பெனி. அந்த அறை ஒரு நாள் வெடித்தது. மூன்று பேர் போனார்கள். விதி என்றார் முதலாளி, கிரகம் சரியில்லை என்றார் போர்மேன் மொக்கைச்சாமி. "அன்னைக்குக் காலண்டரக் கிழிச்சுப் பாத்தேன் பாய். வெடிச்சது சுத்தமான நல்ல நேரம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்பவருக்குத்தான் சிரிப்பு வராது.

அதோடு வேலையை விட்டவள், இரண்டு வருஷமாக மொய்க்கவர் விற்கிறாள். சிவகாசி அச்சகங்களில் கழித்துப்போட்ட வண்ணத்தாளை எடை போட்டு வாங்கி, வெட்டி, ஒட்டி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பிரவுசிங் சென்டரில் ஒற்றை விரலால் தட்டி ஓர் இணையச் சந்தையில் ஏற்றுகிறாள். அந்தச் சந்தையில் வருஷச் சந்தா கட்டியவர்களுக்குத் தபால் கூலி கிடையாது, இரண்டாம் நாள் பொருள் வீட்டு வாசலில். சந்தாக்காரர்கள் மின்னல் முத்திரை உள்ள சரக்கைத்தான் வாங்குவார்கள். அந்த முத்திரை சும்மா கிடைக்காது. முப்பது நாள் பரீட்சை. ஆர்டர் வந்த அன்றே கூரியரில் சேர்க்க வேண்டும், இரண்டு நாளுக்குள் வாங்கியவர் வாசலில் சேர வேண்டும். ஞாயிறும் லீவு இல்லை. ஒரே ஒரு பார்சல் தாமதிக்கலாம், இரண்டாவது தாமதித்தால் பெயர் அடிக்கப்படும். விதிகளை எழுதியவர்கள் குளிரூட்டிய அறையில் சனி ஞாயிறு விடுமுறை எடுப்பவர்கள் என்பதை மட்டும் விதிகளில் எழுதவில்லை.

விண்ணப்பித்தபோது பெங்களூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான்.

"ஓனர்கிட்ட குடுங்க மேடம்."

"ஓனர்தான் பேசுறேன்."

"உங்க குடோன் எத்தனை சதுர அடி?"

"ஆறுக்கு நாலு. கட்டிலுக்கு அடியில இருக்கு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டான். இருபத்து நாலு சதுர அடி.

அனுமதித்த ஒரு தாமதம் ஆடிக் கடைசி வெள்ளியிலேயே தீர்ந்துவிட்டது. இருக்கன்குடி அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் மூன்று மணி நேரம் நின்றது. காரணம் சொன்னாள். "புயல், வெள்ளம், ஸ்ட்ரைக், இந்த மூணுதான் மேடம் எங்க லிஸ்ட்ல இருக்கு. அம்மன் இல்லை" என்றான் அதே தம்பி. "அதுல மட்டும் நீயும் நானும் ஒரே கட்சி" என்றாள் இவள்.

இன்று இருபத்தெட்டாம் நாள். முத்திரை கிடைக்காவிட்டால் தீபாவளி சீசனுக்குப் பழைய பட்டாசு அறைக்கே போக வேண்டும். மொக்கைச்சாமி நேற்றும் தெருவில் நின்று, "ஒன் இடம் காலியாத்தான் கெடக்கு, வந்துரு" என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். செத்துப்போன மூவரில் ஒருத்தியின் இடம் அது.

அபுதாஹிர் ரசீது எழுதும்போதே போன் அடிக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை வைக்கிறார்.

"தாயி, நேத்துப் போட்ட சென்னைப் பார்சல் மதுரையிலேயே கெடக்கு. விமானத்துல ஏத்த மாட்டேங்கிறாக. பெட்டி மேல அணுகுண்டுன்னு எழுதியிருக்காம்."

"ஆமா, அணுகுண்டு வெடிப் பெட்டி. அதுக்கு என்ன?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைக்கிறது. அச்சங்குளத்தில் ரேஷன் கார்டும் பட்டுப்புடவையும் பட்டாசுப் பெட்டிக்குள்தான் இருக்கும். அவள் எப்போதும் பெட்டியைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டுவாள். நேற்று ஒன்றை மறந்துவிட்டாள். உப்புப் பொட்டலத்தில் உப்பு என்று எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்?

"ஞாயித்துக்கிழமை கல்யாணம் பாய். நாளைக்குப் போய்ச் சேரணும்."

"நாலு மணி விமானத்துல ஏறுனாச் சேந்துரும். நீங்க நேர்ல போய்ப் பிரிச்சுக் காட்டுங்க" என்று எழுத்தில்லாத வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

மதுரை சரக்குச் சோதனை அறையில் அவள் நுழையும்போது மணி மூன்று. மேஜை மேல் பெட்டி தனியாக இருக்கிறது. அதிகாரி நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா இது?"

"மொய்க்கவர் சார். இதுல காசு கம்மியா வச்சாத்தான் சண்டை வெடிக்கும்."

பிரிக்கச் சொல்லி அவர் கை காட்டுகிறார். அவள் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு கட்டாக விரித்துக் காட்டி, வெள்ளைப் பெட்டிக்குள் அடுக்குகிறாள். பழைய அட்டையை வெளியே எறிந்துவிட்டு வருகிறாள். அதிகாரி புதுப் பெட்டியின் அருகே குனிந்து மூக்கைச் சுருக்குகிறார்.

"பெட்டிய மாத்தியாச்சு. இன்னும் வெடிமருந்து வாசம் வருதே, எங்கேருந்து?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

பாண்டிச்செல்வி மேஜையைச் சுற்றி வருகிறாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். ரேகைகளுக்குள் வெள்ளிச் சாம்பல் நிறம் படிந்து கிடக்கிறது.

"ரெண்டு வருசமாச் சோப்புப் போடுறேன் சார். நல்லா மோந்து பாருங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுமதி முத்திரைக் கட்டையைத் தேடுகிறார். அது பெட்டியின் மேல் விழுகிற வரைக்கும் அவள் கைகளை மடக்கவில்லை.