கல்யாணக் கார்: பெற்றோலா, கரண்டா?

கல்யாணத்துக்குக் கார் ஓடுகிறவன் எல்லாக் கல்யாணத்துக்கும் போவான், ஒரு கல்யாணத்திலும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட மாட்டான். இலை போடுகிற நேரம் பார்த்துத்தான் யாராவது ஒரு சித்தப்பாவை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். படம் பிடிக்கிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

பதுளையில் இருந்துகொண்டு பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவா மாகாணம் முழுக்க ஓடியிருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு வெள்ளை ஜெர்மன் கார். கொழும்பில் ஒரு டாக்டர் வைத்திருந்து விற்றது. அந்தக் கம்பெனி செய்கிற கார்களிலேயே ஆகச் சின்னது அதுதான். ஆனால் மூக்கில் இருக்கிற சின்னம் பெரிய காரில் இருக்கிற அதே சின்னம். மனைவி ரெஜினா காருக்குப் பூக் கட்டுவாள், நான் ஓட்டுவேன். கரண்ட் கார் வருகிற வரைக்கும் எங்கள் பாடு சுமாராகப் போய்க்கொண்டிருந்தது.

முன்பக்கமும் பின்பக்கமும்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கல்யாணம். பெண்ணின் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெஜினா பூக் கட்டிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து வந்த அவருடைய மருமகன் முறைப் பையன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "மாமா, பேரைப் பாத்து ஏமாந்துறாதீங்க. அந்தக் கம்பெனியில இதுதான் கடைசி. பின்னால இருக்கிற மாடல் நம்பரைப் பாத்தாலே தெரியும்" என்றான். அவன் சொன்னது உண்மை.

கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று பார்த்தார். பின்னால் வந்து குனிந்து நம்பரைப் பார்த்தார். படம் பிடிக்கிறவர் எங்கே நிற்பார் என்று என்னிடம் விசாரித்தார். அப்புறம் ரெஜினாவைக் கூப்பிட்டு, "தங்கச்சி, முன்னால பூவைக் கொறைச்சுக்குங்க. பின்னால அந்த நம்பர் தெரியாம நல்லா நெருக்கிக் கட்டிருங்க" என்றார்.

போத்தல்

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஹாலிஎலயில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் போக வண்டியில் பெற்றோல் இருந்தது, பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட இல்லை. மறைக்காமல் முதல் நாளே பெண்ணின் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக அடித்தார்.

மறுநாள் காலை மண்டப வாசலில் நான் புனலோடு நின்றேன். வந்தவர்கள் தங்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பெற்றோலைச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் கொண்டுவந்து தந்தார்கள். பட்டு வேட்டி கட்டியவர்கள் கையெல்லாம் பெற்றோல் நாற்றம். கடைசியாக வந்த பெரியப்பா ஒருவர் கொஞ்சம் கூச்சத்தோடு நீட்டினார். "அரைப் போத்தல்தான் இருந்துச்சு தம்பி. மொய் எழுதுறவர்கிட்ட சொல்லிருங்க, இது என் பேர்ல."

கல்லு ரோடு

ஜெர்மன்காரன் அந்தக் காரைச் செய்தபோது தோட்டத்து ரோட்டை மனதில் வைத்துச் செய்யவில்லை. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தோட்டம், அவள் மேல் டிவிசன், அவன் கீழ் டிவிசன். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீடு இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் போகும்போது, ரோட்டுக்குக் குறுக்கே மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட பள்ளம் ஒன்று. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பலகை கொண்டுவந்தார்கள், கல்லை அடுக்கினார்கள். முன் சக்கரம் இறங்கியதும் அடியில் "கர்" என்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளையின் அப்பா, "லயத்துக்கு முன்னால வந்து இறங்கினாத்தான் மரியாதை" என்று நின்றார். அவருக்கு அது நியாயம். எண்ணெய் ஒழுகினால் எனக்குத் தொழில் போய்விடும், எனக்கு அது நியாயம். இரண்டு பேரும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின் கதவு திறந்தது. பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்கிவிட்டாள். பண்டாரவளையில் நர்ஸாக இருக்கிற பெண். "நீங்க வண்டியைப் பாத்துக்குங்க அண்ணே. இந்த ரோட்டுல நான் நடக்காத நாளே இல்ல" என்றாள்.

சத்தமில்லாத மாப்பிள்ளை

அரசாங்கம் தடுத்து வைத்திருந்த வெளிநாட்டுக் கார்களை மறுபடியும் இறக்கலாம் என்று ஆனதும் பண்டாரவளை ரமேஷ் தன் பழைய வேனைக் கொடுத்துவிட்டு லீசிங்கில் ஒரு சீனாக் கரண்ட் கார் எடுத்தான். ரமேஷும் கல்யாண ஹயர் ஓடுகிறவன்தான், எனக்குத் தம்பி மாதிரி. உள்ளே டீவி அளவுக்கு ஒரு திரை, கூரை முழுக்கக் கண்ணாடி. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணுகிறவர்கள் என்ன கலர் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு முதல் கேள்வியே, "பெற்றோலா, கரண்டா?" பெற்றோல் என்றதும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். ரெஜினா பூ வாங்குகிற கடைக்காரர்கூட என்ன ஆள் காணோம் என்று கேட்க ஆரம்பித்தார்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ரமேஷின் காரிலும், மாப்பிள்ளையின் பெற்றோர் என் காரிலும் வந்தார்கள். ரமேஷ் முன்னால் போய்விட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், வரவேற்க ஒருவரும் இல்லை. கார் வந்தது உள்ளே யாருக்கும் தெரியவில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். பெண்ணின் அத்தைக்கு மூச்சு வாங்கியது. ரமேஷைப் பார்த்து, "ஏன் தம்பி, இப்படிக் கள்ளன் மாதிரி வந்து நின்னா நாங்க எப்படி மாப்பிள்ளைன்னு கண்டுபிடிக்கிறது?" என்றார்.

விலை கேட்கப் போனது

அன்றைக்கு நான் சிரித்தேன், ஆனால் அடுத்த மாதமும் ரமேஷுக்குத்தான் ஹயர். அதனால் காரை விற்றுவிடலாமா என்று பதுளையில் கார் வாங்கி விற்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எனக்கு நீண்டநாள் பழக்கம். பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். வாங்க மாட்டார் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

முன்பெல்லாம் கொஞ்சம் காசு சேர்ந்த ஆள் ஊருக்குக் காட்ட இந்த மாதிரிச் சின்ன ஜெர்மன் காரைத்தான் தேடி வருவானாம். இப்போது அதே ஆள் திரை வைத்த கரண்ட் காரைப் பார்க்கப் போகிறான். நிறையக் காசு இருக்கிறவன் ஜீப்பில் ஏறிவிட்டான். "அந்தக் கம்பெனியே இப்ப கரண்டுல செய்யுதே நானா?" என்று கேட்டேன். "செய்யிறான். அதைக் குடுக்கிற விலைக்கு இங்க ஆள் இல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தணித்துச் சொன்னார். "கார்ல ஒரு குறையும் இல்ல சேவியர். பணக்காரனுக்கு இது சின்னது, மத்தவனுக்கு இது பெருசு, அவ்வளவுதான்."

இறக்கம்

கொஞ்ச நாளில் என் காரில் ஒரு மஞ்சள் லைட் எரிந்து அணையாமல் நின்றது. கராஜில், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அதே வாரம் ரமேஷுக்குக் கடுமையான காய்ச்சல். அப்புத்தளை மாப்பிள்ளை ஒருவரை மொனராகலைக்குக் கொண்டுபோய், கல்யாணம் முடிந்து பெண்ணோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். "அண்ணே, நீங்களே என் வண்டியை எடுத்துட்டுப் போங்க. நேத்து ராத்திரி கரண்ட் போயிருச்சு, முழுசா சார்ஜ் ஏறல, பாத்து ஓட்டுங்க" என்றான். எதிராளியின் வண்டியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். சீட் நன்றாகத்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முன் சீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன். ஆயுள் முழுக்கத் தோட்டத்து லொறி ஓட்டியவர். பெரகலையில் திரும்பி இறக்கத்தில் போகப் போக, திரையில் சார்ஜ் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கே அது புதுசு. மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஸ்லந்தை வரைக்கும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வெல்லவாய கிட்ட வந்ததும்தான் வாயைத் திறந்தார். "நாங்க இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு டீசலை மிச்சம் புடிச்சோம். இது இறக்கத்துல சம்பாதிக்குதே."

ஏற்றம்

சம்பாதித்ததை எல்லாம் அது ஏற்றத்தில் செலவழித்துவிட்டது. கல்யாணம் முடிந்து திரும்பும்போது சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என்னோடு பெண், மாப்பிள்ளை, முன் சீட்டில் மாப்பிள்ளையின் தங்கச்சி. பெண்ணுக்கு வீட்டைப் பிரிந்த அழுகை நிற்கவில்லை. வெல்லவாய தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இலக்கம் மளமளவென்று இறங்கியது. ஏசியை நிறுத்தினேன். நகையும் பட்டுமாக அந்தப் பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது. மாப்பிள்ளை ஒரு பேப்பரை மடித்து விசிறினான், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். இரண்டு பேரும் தனியாகப் பேசியதே இல்லை என்று போகும் வழியில் மாமன் சொல்லியிருந்தார்.

கொஸ்லந்தைக்குக் கிட்ட, அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஒரு இடத்தில் சார்ஜ் போடுகிற வசதி இருந்தது. கெஞ்சிக் கேட்டு வண்டியைப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குள் பெண் காலை வைக்க வேண்டும் என்று வேனிலிருந்து போன்மேல் போன். தங்கச்சி சீட்டிலேயே தூங்கிவிட்டாள். பொண்ணு மாப்பிள்ளைக்கு மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், டீ வந்தது. நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் என்னமோ கேட்டான், அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். டீ ஆறிப்போனது.

அப்புத்தளை வரைக்கும் தாங்கும் என்கிற அளவுக்கு ஏறியதும் சொல்லலாம் என்று போனேன். மாப்பிள்ளை போன் பேச எழுந்து போயிருந்தான். பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் மை கலைந்திருந்தது, அழுகை இல்லை. "அண்ணே, சார்ஜ் ஏறிருச்சுன்னு இப்பவே சொல்லாதீங்க" என்றாள்.

வாங்க வந்தவர்

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம், அதில் குறையில்லை. ஆனால் அன்றைக்கு மலை ஏறும்போதே என் மனது ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆட்கள் கேட்பது அதைத்தான், இடம் பார்த்துச் சார்ஜ் போட்டால் மலையும் ஏறுகிறது, அதனால் அடுத்தது கரண்ட் கார்தான். அப்படியென்றால் ஜெர்மன் கார் போக வேண்டும். நானா சொன்ன மாதிரி யாருமே வரவில்லை. கடைசியில் வந்தவர் பண்டாரவளையில் மலர்ச்சாலை வைத்துச் சாவுக் காரியங்களை எடுத்து நடத்துகிறவர். சவப்பெட்டி வண்டிக்கு முன்னால், குடும்பத்தார் போவதற்கு ஒரு நல்ல கார் வேண்டுமாம். காரைத் தடவிப் பார்த்தார், முன்பக்கத்துச் சின்னத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பழைய மாடலாச்சே என்று நானே சொன்னேன். "அதனால என்னங்க. சாவு வீட்டுல வந்து பெற்றோலா கரண்டான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

ரெஜினாவிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எத்தனை பெண்கள் தாலியோடு இறங்கிய வண்டி என்பது அவள் பேச்சு. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு என்பது என் பேச்சு. சில நாள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். ஒரு காலையில் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள். "குடுக்கிறதுன்னா குடுங்க. நான் பூக் கட்டுற கொக்கியை மட்டும் கழட்டிட்டுக் குடுங்க" என்றாள்.

போன்

கார் கைமாறிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு போன். தெமோதரைக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், எப்போதோ என் காரில் கல்யாணத்துக்குப் போனவள். எடுத்ததுமே, "அண்ணே, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?" என்று பதறினாள். ஹாலிஎலயில் ஒரு சாவு ஊர்வலத்தில் முன்னால் என் கார் போவதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டில் எல்லாரும் சுகம், கார்தான் கைமாறிவிட்டது என்று விளக்கினேன். ஒரு காலைப் பொழுதுக்கு வாடகைக்கு எடுத்த வண்டி, அவ்வளவுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "வித்ததுதான் வித்தீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? எங்க கார்தானே அது" என்றாள்.

ஊவாவில் கல்யாணக் கார் தொழிலுக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு, தாராளமாக இருக்கிறது, ஆனால் மலை ஏறுவதற்கு முன்னால் சார்ஜ் போட ஒரு இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.