குறுக்கே ஓடும் கோடு

நெசவாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் இல்லை. துணி பார்க்கும் மேசையில், அடியிலிருந்து விளக்கு எரிய, தன் பக்கமாக இறங்கிவரும் வெள்ளைத் துணியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். பழுது கண்ட இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பாள். அந்தத் துணிக்கு யார் பொறுப்போ அவனுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். ஆலையில் அவளோடு சிரித்துப் பேச ஆளில்லை. அவளும் அதற்காக ஏங்கவில்லை.

அவளை அடியோடு வெறுத்தவன் பாவு மேஸ்திரி. துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. அது அவன் பொறுப்பு. குறுக்கே ஓடுவது ஊடை. அது தறிக்காரர்கள் பொறுப்பு. அவள் கிழித்த கோடெல்லாம் பாவுப் பழுதுக்கே விழுந்தது. ஊடை விட்டுப்போன துணியோ அதுபாட்டுக்கு அவள் கையைத் தாண்டிப் போய், வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தது. தறிக்காரர்களில் ஒருவன் அவள் தம்பி. இது போதாதா?

"தம்பி தறின்னா இவ கண்ணு அவிஞ்சு போயிடும். எங்க பாவுன்னா மட்டும் ஊசி முனை கூடத் தெரியும்" என்று மேனேஜர் முன்னாலேயே கத்தினான்.

"நாக்கு அழுகிடும்யா உனக்கு! தம்பியா இருந்தாலும் தப்புன்னா கோடு கிழிக்கிறவ நான்" என்று பாய்ந்தாள்.

உண்மையைத்தான் சொன்னாள். அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆத்திர அழுகை. எல்லாரும் வெறுக்கட்டும், ஓரவஞ்சனைக்காரி என்று மட்டும் ஒருத்தனும் சொல்லக் கூடாது. அவளிடம் இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

கண்ணைக் காட்டிவிட்டு வந்தால்தான் மேசை என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கண் டாக்டரம்மா, விசிறி போலக் கோடுகள் விரிந்த ஒரு படத்தைக் காட்டினாள்.

"எந்தக் கோடு நல்லா கறுப்பா இருக்கு?"

"நேரா நிக்கிறது. படுத்திருக்கிறதை இப்படி மங்கலா அச்சடிச்சு வெச்சா யாருக்குத் தெரியும்?"

"எல்லாம் ஒரே மைதாம்மா."

அவள் எழுந்துபோய், படத்தில் மூக்கு இடிக்கப் பார்த்தாள். ஒரே மைதான். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கருவிழி பந்துபோல உருண்டையாக இல்லை, ஒரு வாக்கில் அமுங்கியிருக்கிறது. அதனால் ஒரு திசைக் கோடு தெளிந்தால் இன்னொன்று கலங்கும் என்றாள் டாக்டரம்மா. ஆஸ்டிக்மாடிசம் என்று பெயர். முன்பே இருந்திருக்கும், இப்போது கூடியிருக்கிறது. சாயங்காலத் தலைவலியும் அதனால்தான். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். ஓரிடத்தில் படுத்த கோடுகள் சட்டென்று கறுத்தன.

"கண்ணாடி கோணலா நிக்கக் கூடாது, பார்வை மறுபடி கலங்கிடும். மொதல்ல தரை சரிவா தெரியும். விடாம போடுங்க, பழகிடும்."

தரை சரிந்தது. படியில் தடுமாறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். மறுபடி மேசையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குறுக்குப் பழுதில் பாதிக்கு மேல் தம்பியின் தறியில் நெய்தது. மேஸ்திரி வெறுமனே புளுகவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு கோடு கிழித்தாள். மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, இன்னொரு துணி கெட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவன் தறியிலிருந்து அடுத்த துணி வந்தபோது தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுக்கா. புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"போடா அந்தப் பக்கம்."

அவன் போய்விட்டான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஊடை விட்டுப்போயிருந்தது. இதைவிடத் தெளிவாக அவள் எதையும் பார்த்ததில்லை. சாக்குக்கட்டி கையில்தான் இருந்தது. கோடு கிழிக்காமலே துணியை இழுத்து ஓடவிட்டாள்.

சிறிது நேரத்தில் மேனேஜர் பாவு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"கண்ணுல கோளாறுன்னு தெரியாம பேசிட்டேம்மா" என்றான் மேஸ்திரி. "தம்பிக்குன்னு ஓரம் பாக்கிறவ இல்ல நீ. மனசுல வெச்சுக்காத."

"உன் மன்னிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! என் கண்ணு முன்னால நிக்காத, போய்யா!"

மேஸ்திரியின் முகம் கறுத்தது. "இதுகிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனான். அவன் திட்டத் திட்ட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.