விழித்தும் அசைய முடியாமல்

இரண்டு நாள் ஊரடங்கு. வெள்ளவத்தை வீட்டில் வயிற்றுவலியோடு சுருண்டு கிடந்தேன். வாயுவாக்கும் என்று இஞ்சி அவித்துக் குடித்தேன். ஊரடங்கு எடுபட்ட காலை, கணவர் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வளரி, அதுதான் அப்பெண்டிக்ஸ், வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவிவிட்டிருந்தது.

மத்தியானமே ஒப்பரேஷன். மயக்கமருந்து தந்தவர் ஒரு சிங்கள டொக்டர். என் வயதுப் பெண்.

எனக்கு முதலில் திரும்பியது காதுதான். தட்டுகள் உரசும் சத்தம். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை அசையவில்லை. விரலும் அப்படியே. தொண்டையில் குழாய். நான் இழுக்காமலே நெஞ்சு நிரம்பித் தாழ்ந்தது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"வயிறு கழுவ என்ன மருந்து ஊற்றினீர்கள்?" என்று அந்த டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

சேர்ஜன் ஏதோ அன்ரிபயோட்டிக் பெயர் சொன்னார்.

"ஊசியிலும் அதே வகைதானே போகிறது! அதுதான். குழாயை யாரும் எடுக்கவேண்டாம்."

பிறகு என் காதருகே தமிழில் சொன்னார்: "கேக்குதா? மருந்து இன்னும் போகல்ல. நான் மூச்சு குடுக்கிறது. பயம் வேணாம்."

இருந்த ஒரே மூச்சு மெஷினில் காயப்பட்ட சிப்பாய் ஒருவர் கிடந்தாராம். அதனால் குழாயோடு பூட்டிய காற்றுப் பையைக் கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்தார். தூங்கவும் ஏதோ மருந்து ஏற்றினார். இடையிடையே விழிப்பு வரும்போதெல்லாம் அதே குரல். "இப்ப மூணு மணி." "இப்ப நாலு." என் கண்ணோரம் வழிந்த நீரை ஒருமுறை துடைத்துவிட்டார். ஐந்து மணிக்குப் பிறகு என் பெருவிரல் அசைந்தது. அவர் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் கட்டிலருகே வந்தார். பை அமுக்கிய அவர் கை வீங்கியிருந்தது. என் கணவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். தசையைத் தளர்த்த அவர் தந்த மருந்தும், சீழுக்குத் தந்த மருந்தும் தனித்தனியே நல்லவைதான். ஆனால் இரண்டாவதும் நரம்பு தசைக்குச் சொல்வதைத் தடுக்கக்கூடியது. சேர்ந்தால் முதலாவது லேசில் விடாது.

"நான் முதலே கேட்டிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார் என்னிடம்.

"நீங்கள் விட்டிட்டுப் போகேல்லையே," என்றேன்.

இரண்டு மருந்துகளின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி, இனி எந்த ஒப்பரேஷனுக்கு முன்னும் காட்டச் சொல்லித் தந்தார். அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டேன். செக்பொயின்ற்றில் ஒருதரம், "மே மொகத்த?" இது என்ன, என்று ஒரு சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெஹெத்," மருந்து, என்றேன். கவனமாக மடித்துத் தந்தான்.