அடுப்படிச் சுவிட்ச்

போன ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்காகப் பஸ்களை எல்லாம் சுற்றுவழியில் திருப்பிவிட்டிருந்த நேரத்தில்தான், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் என் கணவர் இறந்துபோனார். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் நெஞ்சைக் கரிக்கிறது என்று படுத்தார். அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய தங்கை, தேர்க்கூட்டத்தில் மாட்டி, அடக்கத்துக்குச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தாள்.

அவர் ஸ்பின்னிங் மில் எலக்ட்ரீஷியன். வருடக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்று காது போய்விட்டது. காது மிஷின் மாட்டினால் எல்லாச் சத்தமும் சேர்ந்து மண்டையில் இடிக்கிறது என்று அதையும் கழற்றிப் போட்டுவிட்டார். அடுப்படியிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்துவேன். தெருவே திரும்பிப் பார்க்கும், அவர் மட்டும் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள், இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டிருந்த ஒரு செய்முறையைத் தேடிப் பிடித்தார். கையில் கட்டுகிற துணிப்பட்டை அது. உள்ளே மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி நூலைத் தைத்து, சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்த வேண்டும். தள்ளி இருக்கிற சுவிட்சை அழுத்தினால் பட்டை அதிரும். அதை இயக்குகிற புரோகிராமை அவர் எங்கள் வீட்டுக்குத் தக்கபடி திருத்தினார். நான் வீட்டில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள் என்பதால் தையல் என் பொறுப்பு. சுவிட்சை அடுப்படிச் சுவரில் பொருத்தினார், பட்டை அவர் கையில். நீளமாக அழுத்தினால் காபி, விட்டு விட்டு அழுத்தினால் வாசலில் ஆள். புருஷனுக்கே ரிமோட் வைத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவே மாட்டேன். "ஏட்டி, வாரேன். கை மரத்துப் போச்சு, விடு" என்று கையை உதறிக்கொண்டே வருவார்.

நாங்கள் செய்த மாற்றங்களைப் படத்தோடு அதே தளத்தில் போட்டும் வைத்தார். மெனக்கெட்டுச் செய்ததை எதற்கு ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் மட்டும் யார்ட்ட கேட்டு எடுத்தேன்? வேணுங்கிறவிய எடுத்துக்கிடட்டும்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பாலைப் பொங்கவிட்டு இறக்கினேன். என் விரல் தானாகச் சுவிட்சுக்குப் போய்விட்டது. அழுத்திய பிறகுதான் உறைத்தது. அதற்குள் உள்ளறையில் பீரோத் தகடு கடகடவென்று அடித்துக்கொண்டது. நாத்தனார் பதறி ஓடிவந்தாள். "மதினி, பீரோக்குள்ள என்னமோ சத்தம் வருது." அவருடைய சட்டைகளை மடித்து அடுக்கியபோது பட்டையையும் அவள்தான் உள்ளே வைத்திருக்கிறாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் போய்ப் பேட்டரியைக் கழற்றினேன். அன்று வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவருடைய துணிகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் பிரித்தோம். "இதையும் கொடுத்திருவோமா மதினி? பாக்கப் பாக்க அழுகைதான் வரும்" என்று பட்டையைக் காட்டினாள் நாத்தனார். இருக்கட்டும் என்று வாங்கிப் பழையபடி பீரோவில் வைத்தேன்.

அவருடைய போனை மட்டும் நான் அணைக்கவே இல்லை. ஒரு மத்தியானம் அதில் ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. போனே அதைத் தமிழாக்கிக் காட்டியது. வடக்கே ஏதோ மலையூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகளுக்குக் காது கேட்காது. வாசலிலேயே லாரி போகிற சாலை. என் கணவர் தளத்தில் போட்டிருந்ததைப் பார்த்து அந்த அம்மா பட்டை செய்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்ததாம். துவைத்த பிறகு, யாரும் அழுத்தாமலே அது அதிர்கிறது. மறுபடி செய்தும் அப்படியே. குழந்தை நம்பிக்கை போய்க் கழற்றி எறிகிறாள். கடைசி வரியில், "இதைச் செய்தவர் இருக்கிறாரா?" என்று கேட்டிருந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். புரோகிராமைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரும்ப எடுத்து அந்த அம்மா அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி சுருங்கியிருந்தது. கம்பி நூல் சுருங்காதே, அது தொய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கணவர் எழுதிய செய்முறையைத் திறந்தேன். முதல் வேலையே 'துணியை வெட்டவும்' என்றிருந்தது. அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. காடாத் துணியை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, கொடியில் காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் நான் எப்போதும் அவரிடம் வெட்டக் கொடுப்பேன். எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியதில்லை, அவர் கண்ணிலும் பட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது. இதை உடனே அவரிடம் சொல்லிக் கேலி பண்ண வேண்டும் என்று எழுந்தேவிட்டேன். பொறுக்க முடியாமல் அழுதது அன்றுதான்.

பிறகு அந்த அம்மாவுக்குத் தமிழிலேயே எழுதினேன், போன் அதை ஆங்கிலமாக்கியது. அவர் இல்லை, நான் அவர் மனைவி, துணியை ஊறப்போட்ட பிறகு வெட்டுங்கள் என்று. பீரோவிலிருந்து பட்டையை எடுத்து உள்தையலைப் படம் பிடித்தும் அனுப்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. வாசற்படியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் ஒரு சின்னப் பெண். உள்ளே ஒரு விரல் சுவிட்சை அழுத்துகிறது, எடுக்கவே இல்லை. பிள்ளை முகத்தைச் சுளித்துக் கையை உதறியபடி எழுந்து வருகிறாள். செய்முறையிலும் ஊறப்போடுவதை முதல் வேலையாகச் சேர்த்து, அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டிருந்தார் அந்த அம்மா.

எங்கள் அடுப்படியில் சுவிட்ச் அப்படியேதான் இருக்கிறது. இங்கே அழுத்தினால் வருவதற்கு ஆள் இல்லை, ஆனால் அவர் சும்மா கொடுத்துவிட்டுப் போனதால் எங்கோ ஓர் அம்மா கூப்பிட்டால் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, அதை நினைத்துக்கொண்டுதான் காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும் போடுகிறேன்.