வயதின் மேல் போட்ட பழி

செல்லையா பெரியப்பா இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவர் ஓட்டிய ஜீப்பின் முதலாளி மாலையோடு வந்து, "எழுபத்தொண்ணு ஆச்சு. வயசுச் சாவுதானே, குறையொண்ணுமில்ல" என்றார். நீங்கள்தான் காரணம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

செய்தி அன்று காலை ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தது. மூன்று நாள் முன்பு வாய் கோணி, வலது கை விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எஸ்டேட் ஆபீஸ் வேலைக்காக நாலு வருடம் அவர் வண்டியில் மலையேறியவள் நான். கொண்டை ஊசி வளைவுகளில்கூட ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் உறங்குவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

மழைக்கு முன்பு ஒருநாள் போடிமெட்டில் வண்டியை ஓரங்கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எஞ்சின் மிஸ் அடிக்குது ஆத்தா. பழைய வண்டிதானே, ஓடும்." வண்டிக்கு மட்டும் மாசாமாசம் மெக்கானிக்கா என்று கேட்டு, ஞாயிறன்று டாக்டரிடம் இழுத்துப்போனேன். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பு கூடும், இவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கிறது, ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, வண்டி ஓட்டத் தடையில்லை என்றும் சொன்னார். "வயசாச்சுன்னு விடுற நோய் இல்லம்மா இது. வயசாச்சுன்னுதான் மாத்திரைய விடக் கூடாது."

பெரியப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். அது முதலாளிக்குத் தெரிந்துபோயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறவன் மலையில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்றாராம். "மாத்திரையா, வண்டிச் சாவியா, ஒண்ண வச்சுட்டுப் போ." இதை என்னிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பா சிரித்தார். "வீட்டுல உக்காந்தா ரெண்டே நாள்ல உங்க பெரியம்மா வெரட்டிருவா." மாத்திரையை நிறுத்தினார். எவ்வளவோ மன்றாடினேன். "படபடப்பெல்லாம் நின்னுருச்சு ஆத்தா, நீ வெரசா ஏறு" என்றார். நின்றிருக்கவில்லை. ஆறாவது வாரம் விழுந்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயது அவரைக் கொல்லவில்லை. வயதைச் சாக்காகச் சொன்னவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. பெரியப்பாவுடையது என்று என்னிடம் இருப்பது பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையும் இந்தக் கோபமும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஸ்டாண்டில் ஏலக்காய் எடுக்கும் அந்தப் பெண்களிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அன்றிலிருந்து அவர்கள் வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். முதலாளி புது டிரைவரை வைத்துப் பார்த்தார். பிறகு அவரே ஓட்ட வந்தார். இரண்டு மாதமாக அந்த ஜீப் காலியாக நிற்கிறது.