வதனியின் கோழிக்குக் காவல்

கோழிக்கூட்டுக்குக் கிட்டப் போகுமுன் உதயரூபன் இருமுவார். சளியும் இல்லை, தொண்டைக் கரகரப்பும் இல்லை. மாமியார் வீட்டுப் படலைக் கதவடியில் நின்று மருமகன் இருமுவதுபோல ஒரு மரியாதையான இருமல். கூட்டுக்குள் தீனி தின்றுகொண்டிருக்கும் எலிகள் அதைக் கேட்டு ஓடிவிட வேண்டும். ஓடும் சத்தம் அடங்கிய பிறகுதான் குனிந்து கதவைத் திறப்பார். எலியை நேருக்கு நேர் சந்திக்கும் துணிவு அவருக்கு இல்லை.

இத்தனைக்கும் ஆள் கோழை அல்ல. ஐம்பதைத் தாண்டிய வயதிலும் பெரியகல்லாற்றிலிருந்து தனியாகத் தோணி வலித்துப்போய் வாவியில் வலை போடுகிறவர். நண்டையும் விலாங்கையும் வெறுங்கையால் தூக்குவார். நான் அடுத்த வளவுக்காரன்; வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இருமலைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல், "எலிக்கு இவ்வளவு மரியாதையா அண்ணன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"பேர் சொல்லாத தம்பி. அவருக்கு எல்லாம் விளங்கும். நாம பொறி வாங்கக் கடைக்கி வெளிக்கிடக்குள்ளயே அவர் வீடு மாறிருவார்."

ஊர்ப் பெரிய மனிதர்களையே 'அவன், இவன்' என்று பேசுகிற மனுஷன் இவர். எலி மட்டும் அவருக்கு எப்போதும் 'அவர்'தான்.

கோழிகள் உண்மையில் அவருடையவை அல்ல, மனைவி வதனியுடையவை. வதனி அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறார். அவர் இங்கே இருந்த காலத்தில் உதயரூபன் ஒரு பிடி அரிசிகூடக் கோழிக்கு எறிந்ததை நான் கண்டதில்லை. குசினிக்குள் ஏறிய கோழியைத் துரத்தும்போது அவர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இப்போதோ வதனி அக்காவின் அழைப்பு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு நேரே கூட்டடிக்குத்தான் ஓடுகிறார். அக்கா முதலில் விசாரிப்பது கோழியை. அதன் பிறகு கோழித் தீனியை. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்பது அதற்கும் பிறகு.

அதிலும் புள்ளிக்கோழி ஒன்றுக்குத் தனி விசாரணை. வதனி அக்கா கலியாணம் முடித்து வெல்லாவெளியிலிருந்து வந்தபோது அவருடைய அம்மா ஒரு பெட்டைக் கோழியைக் கொடுத்தனுப்பினார். அந்தக் கோழியின் வழியில் இப்போது மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். போன வருடம் அம்மா இறந்துவிட்டார். அக்காவுக்கு வர முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு அது 'அம்மாட கோழி'.

அந்தக் கோழி பொரித்த குஞ்சுகளை எலிகள் ஒன்றும் விடாமல் கொண்டுபோய்விட்டன. உதயரூபன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு செய்த வேலைதான் அவருக்கே உரியது. பின்வளவுச் சின்னத்தங்கம் அக்காவிடம் நாலு குஞ்சுகளை இரவல் வாங்கிவந்து, போன் வரும் நேரத்துக்குப் புள்ளிக்கோழியின் இறகுக்குள் தள்ளிவிட்டார். குவைத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு ஒரு நொடிதான் பிடித்தது.

"இது நம்மட குஞ்சில்ல. கால் மஞ்சளா இரிக்கி. ஆர்ர குஞ்சக் கொண்டாந்து காட்டுறீங்க?"

இவர் தலையைச் சொறிந்தார். அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். ஏசவில்லை. "கோழிக்கும் வயசாகிட்டு. இன்னொருக்கா அடைக்கி வச்சிப் பாருங்க. அதுவும் இல்லாட்டி அம்மாட கோழி அதோட முடிஞ்சிது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். உதயரூபன் மடியில் போனோடு அப்படியே இருந்தார். எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாளே காவல் வேலை தொடங்கியது. மீனவனுக்குத் தெரிந்த காவல் வலைதானே. பழைய நைலோன் வலையை எடுத்துக் கூட்டைச் சுற்றி மூன்று மடிப்பாகக் கட்டினார். எலிகள் அதை அறுத்துக்கொண்டு வழக்கம்போல் வந்துபோயின. வலையில் மாட்டியது விறகுக்கும்பியின் கீழ் குடியிருந்த சாரைப்பாம்பு. இவ்வளவு காலமும் சம்பளம் வாங்காமல் அந்த வளவில் எலி பிடித்துக்கொண்டிருந்த ஆள் அதுதான். எலிக்குப் பயந்தவர் பாம்பின் பக்கத்தில் குந்தியிருந்து, அதன் உடம்பில் கத்தி படாமல் வலையைக் கண்கண்ணாக அறுத்து விடுவித்தார். அது வாவிப் பக்கம் போனது, பிறகு திரும்பவே இல்லை.

"வலையில வேணுங்கிறது படாது தம்பி, வேணாததுதான் படும். ஆத்திலயும் இதே கததான்" என்றார், முகம் செத்துப்போய்.

பாம்பு போனதும் எலிகளுக்குக் கொண்டாட்டம். நஞ்சு வைக்கச் சொன்னார்கள். செத்த எலியைக் கோழி கொத்திவிட்டால் என்று மறுத்துவிட்டார். கடைசியில் கம்பிப் பொறி வாங்கி, சுட்ட தேங்காய்ச் சொட்டு வைத்தார். பிடிபட்டதைக் கொல்ல மனம் வராது. பொறியைத் தோணியின் முன்தலையில் வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே வலித்துப்போய், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கண்டல் மரப் பற்றைக்குள் திறந்துவிட்டு வருவார்.

"அங்கால வயல்காரன் கண்டா உங்களத்தான் பொறிக்குள்ள போடுவான்" என்றேன். "மீன மட்டும் கொல்லலாமா?"

"அதத் தின்னுறம் தம்பி. இவரச் சாகடிச்சி என்னத்தச் செய்யிற?"

எத்தனை பேரை அக்கரை சேர்த்தாலும் இக்கரையில் குறையவில்லை. புள்ளிக்கோழி மறுபடி அடை கிடந்தது. ஒரு விடியற்காலை அவரது இருமலுக்குப் பதிலாகக் கூப்பாடு கேட்டது. நான் வேலியைக் கடந்து ஓடினேன். கோழியின் கால்விரலில் இரத்தம். இரண்டு முட்டைகளைக் காணவில்லை. அப்படியிருந்தும் அது மீதி முட்டைகளை விட்டு எழும்பவில்லை. அதைக் கண்டுதான் உதயரூபன் உடைந்துபோனார். அழுதார் என்றே சொல்கிறேன், அவர் கோபிக்கமாட்டார்.

அடைக்கோழியைப் பகலில் அசைத்தால் முட்டையை வெறுத்துவிடும். பொழுதுபடும் மட்டும் காவல் இருந்துவிட்டு, கோழியை அடைப்பெட்டியோடு தூக்கிப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். குசினியில் வைப்பார் என்று நினைத்தேன். நேரே படுக்கையறைக்குள் போனார்.

"நிலத்தில வச்சா அவர் வந்திருவார்."

பெரிய கட்டில். ஒரு பாதி விரிப்பு கசங்கிக் கிடந்தது. மறுபாதியில் ஒரு சுருக்கமும் இல்லை, தலையணை வைத்தபடியே இருந்தது. அந்தத் தலையணையை எடுத்துத் தன் தலையணையின் மேல் வைத்துவிட்டு, "மெல்ல, மெல்ல" என்று என்னை அதட்டி, பெட்டியை அங்கே இறக்கினார். கோழி ஒருமுறை கொக்கரித்து அடங்கியது.

அந்த நேரம் பார்த்து வதனி அக்காவின் அழைப்பு.

"எங்க அம்மாட கோழி? பெட்டியோட தூக்கிட்டுப் போறீங்கெண்டு சின்னத்தங்கம் அக்கா சொல்றா."

உதயரூபன் போனைக் கட்டில் பக்கம் திருப்பினார். அக்காவின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"அது நான் படுக்கிற பக்கம்தானே" என்றது குரல். சிரித்தாரா அழுதாரா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஓம் கிளி. கொஞ்சம் பொறு" என்று போனை என் கையில் தந்தார். கட்டிலுக்கு மேலே முடிந்து கிடந்த நுளம்புவலையை அவிழ்த்து இறக்கி, முழங்காலில் நின்று, அந்தப் பக்கத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் கால்மாட்டிலிருந்து தலைமாடுவரை விரலால் செருகிக்கொண்டே போனார்.