திருப்பிக் கட்டிய படுதா

சூலக்கரையில் என் மகன் வீட்டு முன்னறையில், கண்ணாடிச் சட்டம் போட்ட துணித்துண்டு ஒன்று மாட்டியிருக்கிறது. பழுப்பேறிய காடாத் துணி. அதில் ஐந்து எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "ஐயா, சட்டம் போட்டவன் துணியை மாத்திப் போட்டுட்டான்" என்று சொல்லாமல் போவதில்லை. உண்மையில் சட்டம் போட்டவர் முதலில் நேராகத்தான் போட்டுத் தந்தார். நான்தான் மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு போய், திருப்பிப் போடச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றேன்.

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒரு மிளகாய் வற்றல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி இறுதி வகுப்புத் தேறியவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன், எண்ணி முடித்த பிறகும் நிம்மதி வராது. ஊரில் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. மாதா கோயில் திருவிழா நாடகம், தர்கா கந்தூரிக்கு வரும் பாட்டுக் கச்சேரி, பள்ளி ஆண்டு விழாக்கள் என்று ஒரு வருஷம் எண்ணிப் பார்த்தேன். கட்டணமில்லாமல் பார்க்கக் கூடியவை மட்டும் நாற்பதைத் தாண்டின. இவை எல்லாவற்றுக்கும் மேலே மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். பொருட்காட்சித் திடலில் ஒரு மூலையில் வில்லுப்பாட்டு, இன்னொரு மூலையில் கரகம், நடுவே எங்கள் நாடக சபை. மண்டி முதலாளி அண்ணாச்சி சபைக்குத் தலைவர், நான் செயலாளர். கரகத்தின் மேளம் எழும்பினால் எங்கள் கூட்டம் கரைந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அதே கவலை. கூட்டத்தைப் பிடித்துவைக்க அந்த ஆண்டு புதிதாக ஒரு முன்படுதா எழுதலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். படுதா உயர்வதற்கு முன்பே ஜனம் வாய்பிளக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எழுத வந்தவர் சிவகாசியில் ஒரு கல் அச்சகத்தில் ஆர்டிஸ்ட். எல்லோரும் அவரை ஆர்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவோம். கல் அச்சில் படம் காகிதத்தில் நேராக விழ வேண்டுமானால், கல்லில் அதை இடம்வலம் மாற்றி வரைய வேண்டும். இருபது வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. புலி, கிளி, கப்பல் என்று அவர் வரைந்த தீப்பெட்டி லேபில்கள் வடக்கே எங்கெல்லாமோ போயின. அவற்றில் கம்பெனி பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது. படுதாவுக்குக் கூலி பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "கூலி கெடக்கட்டும் அண்ணாச்சி. மூலைல எம் பேரை ஒரு சாண் எழுத்துல போட்டுக்கிடுதேன். நான் எழுதுனதுன்னு நாலு சனம் படிக்கட்டும்." அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "ரெண்டு சாணாவே போட்டுக்கோங்க" என்றார்.

ஞாயிறுதோறும் மண்டிக் கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கித் தரையில் துணியை விரித்து எழுதினார். மிளகாய் நெடியில் இரண்டு கோட்டுக்கு ஒரு தும்மல். சுண்ணாம்புப் பூச்சுக் கொடுக்க நேரமில்லை என்று நீர்த்த சாயத்தைத் துணியின் மேல் நேரடியாக ஏற்றினார். இடம் போதாததால் முடிந்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போனார். அதனால் வீணையோடு அமர்ந்த கலைவாணியை முழுதாக யாரும் பார்க்கவில்லை, எழுதியவரும் பார்க்கவில்லை.

நாடகத்தன்று மாலை படுதாவைக் கட்டி இறக்கினோம். ஒரு நிமிஷம் எல்லோரும் மலைத்துப்போனோம். கடவுள் வாழ்த்துப் பாட வந்திருந்த மிஷன் பள்ளிப் பாட்டு டீச்சர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். வீணை பயின்றவர் அவர். "எனக்கு வேற சாமி, நான் சொல்லப்பிடாது. ஆனா வீணையை இடது கையால மீட்டுற மாதிரில்ல இருக்கு?"

அண்ணாச்சி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். "அட, மாராப்பும் வலது தோள்ல கெடக்கு! என்ன ஆர்டிஸ்டு, கலைவாணியைச் சேட்டு வீட்டம்மா ஆக்கிப்புட்டீகளே!"

நடிகர்கள் சிரித்துவிட்டார்கள். ஆர்டிஸ்ட் சிரிக்கவில்லை. தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கை அதுபாட்டுக்குக் கல்லுல போடுத மாதிரியே போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார். மூலையில் அவர் பெயர் மட்டும் நேராக இருந்தது. பெயரைப் பழக்கத்துக்கு விடாமல், யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். படத்துக்கு யோசனை தேவைப்படவில்லை.

"சாமி காரியம். கழத்துங்கலே. பந்தக்காரர்ட்ட செவப்புத் துணி கெடக்கும், வாங்கியாந்து கட்டுங்க" என்று அண்ணாச்சி ஆட்களை விரட்டினார். ஆர்டிஸ்ட் மேடைப் படியில் உட்கார்ந்தார். "அப்ப பேரும் போச்சு" என்று தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் மேடைக்குப் பின்னால் போனேன். பெட்ரோமாக்ஸ் விளக்குகளையும் மணல் வாளிகளையும் இன்னொரு முறை எண்ண வேண்டியிருந்தது. பட்டாசுக் கரிமருந்தோடு குடியிருக்கும் சீமையில் நெருப்புப் பயம் அதிகம், எனக்கு இன்னும் அதிகம். நிமிர்ந்தபோது மேற்கு வெயில் இன்னும் கழற்றாத படுதாவின் முன்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. பூச்சில்லாத துணி. சாயம் அப்படியே ஊறி இந்தப் பக்கம் வந்திருந்தது. கலைவாணி மாராப்பு இடது தோளில் கிடக்க, வலது கையால் வீணையை மீட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். "ஏலே, இங்கன சரியால்ல இருக்காக!" என்றார் அண்ணாச்சி. "அப்பிடியே திருப்பிக் கட்டுங்க. விளக்கைப் பின்னால வச்சா இதைவிடத் தெளிவாத் தெரியும்."

"படுதாவைத் திருப்பினா பேரு திரும்பிருமே?" என்றேன் நான்.

"அதை மையை வச்சு அழிச்சிருவோம்."

"அழிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றார் ஆர்டிஸ்ட். "திரும்பியே இருந்துட்டுப் போகட்டும். யாரும் படிக்கலைன்னாலும் எழுதுனது எழுதுனதுதான்."

திருப்பிக் கட்டினோம். இருட்டத் தொடங்கியதும் ஆறு விளக்குகளையும் பின்னால் தள்ளி வைத்தோம். நான் ஒவ்வொரு விளக்குக்கும் துணிக்கும் நடுவே முழம் போட்டு அளந்தேன். கலைவாணி எரியாமல் ஒளிர்ந்தாள். கரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் தானாக எங்கள் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் மண்டிக்காரர்கள் பேசிக்கொண்டது படுதாவுக்குப் பின்னால் எங்களுக்குக் கேட்டது.

"மூலைல என்னய்யா கிறுக்கி வச்சிருக்கு?"

"தெலுங்கு. குண்டூர் மிளகா மூட்டையில பாத்ததில்ல?"

ஆர்டிஸ்ட் என் பக்கத்தில்தான் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குச் சிவகாசியிலிருந்து அச்சகத் தொழிலாளிகள் ஒரு லாரி நிறைய வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லில் மை ஏற்றுகிறவர்கள், காகிதம் வைக்கிறவர்கள், காலையிலிருந்து மாலை வரை திரும்பிய எழுத்தையே பார்க்கிறவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே, நம்ம ஆர்டிஸ்டு பேருலே!" கத்தியவன் பெயரைத் தடங்கலில்லாமல் ஒரே மூச்சில் படித்தான். அடுத்து லாரிக் கூட்டம் முழுவதும் சேர்ந்து படித்தது. தெலுங்கு என்றவரும் அதையே திருப்பிச் சொன்னார். திடலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தப் பெயர் போய்வந்தது. பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

நாங்கள் நின்ற பக்கத்தில் கலைவாணிக்கு வீணை இடது கையில்தான் இருந்தது. ஆர்டிஸ்டின் பெயர் மட்டும் நேராக இருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே திடல் அதைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "கல்லைப் படிக்கிற பயலுக" என்றார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "துணியில இன்னும் மிளகா நெடி போகலை" என்றார். துணி அத்தனை நாளில் காய்ந்து, நெடியெல்லாம் போயிருந்தது.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் அச்சகத்துக்குப் போனார். தொடர்ந்து லேபில் வரைந்தார், எதிலும் பெயர் வரவில்லை. படுதாவை அறுபதுகளின் நடுவரை ஒவ்வொரு பங்குனிக்கும் திருப்பியே கட்டினோம். சபை கலைந்த பிறகு அது கிட்டங்கியில் மூட்டை மூடும் துணியானது. அதற்கு முன்பே மூலையை நான் வெட்டி எடுத்துக்கொண்டேன்.

சட்டம் போட்டவர் அன்று கடைசியாகக் கேட்டது: "எழுத்து திரும்பித் தெரியுமே சார். யாரு படிப்பாக?" திரும்பியபடியே படித்தவர்கள் ஒரு லாரி நிறைய இருந்தார்கள் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். இந்தக் கதையில் நான் ஆர்டிஸ்டின் பெயரை எங்கும் எழுதவில்லை. அச்சில் வந்தால் அது நேராக வந்துவிடும்.